அஞ்சரையா, அஞ்சறையா?

இலங்கை மலையகத்தின் தெமோதரையில் பெரியம்மா வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது ஐப்பசி மழையில். தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை. உள்ளே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ரொட்டி தட்டும் சத்தம். அந்த அமளிக்குள் பேத்தி அலுமாரிக்கு மேலிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்து அதன் பெயரைச் சொன்னாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. பெட்டியின் தலையில் சின்ன விளக்கு எரிந்தது. ஆங்கிலத்தில் ஒரு பாட்டுக் கேட்டாள், பாட்டு வந்தது.

கத்தாரில் வேலை செய்யும் அவள் அப்பா போன விடுமுறையில் கொண்டுவந்து கொடுத்த ஸ்மார்ட் ஸ்பீக்கர் பெட்டி அது. பெரியம்மா ரொட்டியை அடுப்பில் போட்டுவிட்டு வந்து கேட்டார்: "இத்தன சத்தத்துல இதுக்கு மட்டும் எப்படிடி கேக்குது? எனக்கே கேக்கல."

அரை மணி நேரம் கழித்து அவரே இன்னொன்றும் கேட்டார். "இவ சொன்னா கேக்குது. நான் சொன்னா ஏன் வெளங்க மாட்டேங்குது?"

முதல் கேள்விக்கு விடை இயற்பியலில் இருக்கிறது. பொறியாளர்கள் அதை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். இரண்டாவதை முடிக்க இன்னும் வேலை கிடக்கிறது. இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் இரண்டாவதோடுதான் இருக்கப்போகிறோம்.

பெட்டியைக் குடிவைத்தல்

பிளக்கில் மாட்டினால் மட்டும் இந்தப் பெட்டி வேலை செய்யாது. கைப்பேசியில் அதற்குரிய செயலியை இறக்கிப் பக்கத்தில் கொண்டுபோனால், புளூடூத் வழியாக இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கைப்பேசி பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும். அதோடு கைப்பேசியின் வேலை முடிந்தது. இனிப் பெட்டி நேராக இணையத்தோடு பேசும்.

பெரியம்மா வீட்டில் அப்போது ரவுட்டர் கிடையாது. பேத்தி தன் கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, அதே கைப்பேசியிலிருந்து பெட்டியையும் இணைக்கப் பார்த்திருக்கிறாள். இணையத்தைக் கொடுக்கும் வேலையையும் அறிமுகம் செய்துவைக்கும் வேலையையும் ஒரே கருவி ஒரே நேரத்தில் செய்யப்போய் இரண்டும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியை ஹொட்ஸ்பொட்டாக வைத்துத் தன்னுடையதில் செயலியைத் திறந்ததும் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. பிறகு ஒரு 4ஜி ரவுட்டர் வாங்கி ஜன்னலோரம் வைத்தார்கள். ரவுட்டர் இரண்டு அலைவரிசை காட்டினால் 2.4 கிகாஹெர்ட்ஸையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் அலை ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் நீளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி. நீண்ட அலை சுவரைத் தாண்டுவதில் கெட்டி. தோட்டத்து வரிசை வீடான பழைய லயத்தின் கருங்கல் சுவருக்கு அது அவசியம்.

இரண்டு காதும் ஒரு ரயிலும்

தெமோதரை நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அதிசயம் தெரியும். 1924இல் பதுளை வரை ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. நிலையத்தை விட்டுப் பதுளைப் பக்கம் புறப்படும் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைகிறது. வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரே ரயில் முதலில் மேலே கூவும். கொஞ்ச நேரத்தில் வேறொரு திசையிலிருந்து, கீழேயிருந்து கூவும். கண் உதவாமலே திசை தெரிகிறது. நமக்கு இரண்டு காது இருப்பதால் வந்த பயன் இது. வலப்பக்கச் சத்தம் வலக்காதை முதலில் தொட்டு, இடக்காதை ஒரு நூலளவு பிந்தித் தொடுகிறது. அந்த நூலளவை மூளை அளந்துவிடுகிறது.

பெட்டியும் இதையே செய்கிறது. 2014இல் வெளிவந்த முதல் அமேசன் எக்கோவில் ஏழு மைக்குகள் இருந்தன. 2016இல் வந்த கூகுள் ஹோமில் இரண்டு. இரண்டு மைக்குக்கு நடுவில் 7 சென்ரிமீற்றர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீற்றர் போகும். ஆகவே பக்கவாட்டிலிருந்து வரும் குரல் இரண்டாவது மைக்கை விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு பிந்தித் தொடும்.

இவ்வளவு சின்னப் பிந்தலை எப்படி அளப்பது? பெட்டி ஒலியை விநாடிக்கு 16,000 தடவை அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. ஐயாயிரத்தில் ஒரு பங்கு விநாடி என்றால் அந்த எண் வரிசையில் மூன்று இடம். ஒரு மைக்கின் வரிசையை மூன்று இடம் நகர்த்தி மற்றதோடு கூட்டினால், பேத்தியின் குரல் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்து பெருகும். மழை அப்படிப் பெருகாது. தகரத்தில் விழும் ஆயிரம் துளியும் ஆயிரம் இடத்திலிருந்து வருகிறது. மூன்று இடம் நகர்த்துவது அவை எல்லாவற்றுக்கும் ஒருசேரப் பொருந்தாது. விழுந்த மரத்தைப் பத்துப் பேர் ஒரே மூச்சில் இழுத்தால் நகரும், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாது. ஒரு திசைக் குரலை மட்டும் இப்படிப் பெருக்கும் முறையைத் திசைக்காது என்று அழைப்போம்.

பெட்டி தானே பாடிக்கொண்டிருக்கும்போது சிக்கல் குறைவு. தான் என்ன பாடுகிறோம் என்பது அதற்கு முன்பே தெரியும். கேட்டதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. அதற்கு வேண்டாதது சுவர் மூலை. மூலையில் ஒலி மோதித் திரும்பி ஒரே சொல் பல தடவை விழும். அலுமாரி மூலையிலிருந்து மேசைக்கு இறக்கிய பிறகு இந்த வீட்டுப் பெட்டிக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்டது.

பெரட்டுத் தப்பு

பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போன காலத்தில் வீட்டில் மணிக்கூடு இல்லை. விடியலில் ஆட்களை வேலைக்குக் கூட்டப் பெரட்டுத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அந்தத் தப்பையே திருவிழாவுக்கும் அடிப்பார்கள், சாவுக்கும் அடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. தூக்கத்தில் கிடப்பவர் எந்த அடி என்று யோசித்துப் பார்த்து எழும்புவதில்லை. அடியின் வடிவம் காதில் பட்டதும் உடம்பு எழும்பிவிடும்.

பெட்டிக்குள்ளும் இப்படிப்பட்ட அரைத்தூக்கக் காவல்காரர் ஒருவர் இருக்கிறார். மிகச் சிறிய ஒரு நிரல். அதற்கு மொழி தெரியாது, பொருள் தெரியாது. ஒரே ஒரு சொல்லின் ஒலிவடிவம் மட்டும் தெரியும். அந்தச் சொல்லை விழிப்புச்சொல் என்போம். அது காதில் படும்வரை பெட்டியின் மற்றப் பகுதிகள் எதுவும் அந்தப் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை.

விழிப்புச்சொல்லைத் தேர்வதில் ஒரு கலை இருக்கிறது. 'அலெக்ஸா' என்ற பெயரைத் தேர்ந்ததற்கு அதன் நடுவிலுள்ள 'க்ஸ்' என்ற கூர்மையான ஒலியும் ஒரு காரணம் என்று அமேசன் அதிகாரிகள் சொல்லியிருக்கிறார்கள். சாதாரணப் பேச்சில் அந்த ஒலிக்கூட்டு அடிக்கடி வராது. தோட்டத்தில் 'ஏ புள்ள' என்று பெயர் வைத்திருந்தால் பெட்டிக்கு ஒரு நிமிடமும் தூக்கம் கிடைத்திருக்காது.

எந்நேரமும் கேட்கிறதா?

கேட்கிறது. கேட்காவிட்டால் பெயரைச் சொல்வது எப்படித் தெரியும்? ஆனால் கேட்டதைச் சேர்த்துவைப்பது வேறு வேலை. காவல்காரர் கையில் ஒரு சின்னச் சிலேட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். சில விநாடிப் பேச்சுக்கு மட்டும் அதில் இடம். நிறைந்ததும் முதல் வரியை அழித்து அதன்மேல் எழுதுவார். விழிப்புச்சொல் விழுந்தால்தான் சிலேட்டில் உள்ளதும் அதற்குப் பின் வருவதும் இணையம் ஏறித் தொலைதூரக் கணினிக்குப் போகும்.

காவல்காரர் தவறியும் விழிப்பார். டிவியில் வரும் ஒரு சொல் விழிப்புச்சொல் போலக் கேட்டால் போதும், வீட்டுப் பேச்சில் ஒரு துண்டு வெளியே போய்விடும். அமேசன், கூகுள், அப்பிள் ஆகிய மூன்று நிறுவனங்களிலும் இப்படிச் சேர்ந்த ஒலித்துண்டுகளில் ஒரு பகுதியை மனிதர்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள் என்ற செய்தி 2019இல் அடுத்தடுத்து வெளிவந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவில் ஒரு சுவர்தான். அடுத்த வீட்டு அழுகை நம் வீட்டுக்குள் கேட்கும். தன் வீட்டுப் பேச்சுக்கு ஒருவர் சம்மதிக்கலாம். அடுத்த வீட்டுப் பேச்சுக்கு அவர் எப்படிச் சம்மதிக்க முடியும்? பெட்டியில் மைக்கை நிறுத்தும் விசை ஒன்று இருக்கிறது. பெட்டியை வாங்கிய அன்றே வீட்டில் எல்லோருக்கும் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். பெரியம்மாவுக்குப் பேத்தி அதைத்தான் முதலில் காட்டிக்கொடுத்திருந்தாள்.

ஒன்றரை விநாடிக்குள்

இனி இரண்டாவது கேள்வி. அந்தப் பெட்டியின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. ஆகவே பேத்தி கைப்பேசியில் தமிழ்ப் பேச்சைத் தட்டச்சாக்கும் வசதியைத் திறந்து பெரியம்மாவின் வாயருகே பிடித்தாள்.

"என்னாடி சொல்லணும்?"

"காலையில பதுளைக்குப் பஸ் பிடிக்கணும்ல, அப்பாயி? எழுப்பச் சொல்லுங்க."

"அஞ்சரைக்கு எழுப்பிவிடு" என்றார் பெரியம்மா.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய்ப் பார்ப்போம். சொல்லி முடிக்க ஒன்றரை விநாடி ஆனது. விநாடிக்கு 16,000 என்றால் மொத்தம் 24,000 எண்கள். வெறும் எண்களில் எதுவும் புரியாது. எனவே இயந்திரம் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கு ஒரு கீற்றாக அதை வெட்டுகிறது. 150 கீற்றுகள். ஒவ்வொரு கீற்றிலும் அடிக்குரல் எவ்வளவு, நடுக்குரல் எவ்வளவு, கீச்சு எவ்வளவு என்று அளந்து, அதிகமானதைக் கறுப்பாகவும் குறைந்ததை வெளிறலாகவும் தீட்டி வரிசையாக ஒட்டுகிறது. கிடைப்பது ஒரு படம். இதை ஒலிப்படம் என்போம். பேச்சறியும் இயந்திரம் கேட்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இந்தப் படத்தைப் பார்க்கிறது.

படத்தை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போவோம். முதலில் 'அ': அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று கறுப்புக் கோடுகள் தெளிவாக ஓடும். அடுத்து 'ஞ்': காற்று மூக்கால் போவதால் கோடுகள் மங்கும். பின்னால் 'ச'. எழுத்தில் ச, ஆனால் ஞவுக்குப் பின்னால் வரும்போது எல்லோர் வாயிலும் அது ஜதான். படம் எழுத்தைப் பார்த்து வரைவதில்லை, ஆகவே அங்கேயும் ஜ. 'ர' கண் இமைக்கும் நேரம்கூட இல்லை: நாக்கு நுனி மேலே ஒரு தட்டுத் தட்டி இறங்குகிறது, இரண்டு மூன்று கீற்றில் முடிந்துவிடும். 'க்கு' வரும்போது படம் வெறுமையாகிவிடும். இரட்டைக் ககரத்துக்காக வாய் அடைபட்டு, ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி முழு மௌனம். 'எழுப்பி'யில் வரும் 'ப்'பிலும் அப்படியே. இந்த மௌனமும் எழுத்துதான். அதன் நீளத்தை வைத்தே ஒற்றைப் பகரமா இரட்டைப் பகரமா என்று இயந்திரம் முடிவு செய்கிறது.

இயந்திரம் எந்த இடத்திலும் 'இதுதான்' என்று உடனே அடித்துச் சொல்வதில்லை. இதுவாக இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்று பல ஊகங்களை மதிப்பெண்ணோடு கையில் வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறது.

திரையில் விழுந்தது: 'அஞ்சறைக்கு எழுப்பி விடு.'

மிளகும் சீரகமும் போட்டுவைக்கும் அஞ்சறைப் பெட்டியின் அஞ்சறை!

ஏன் அஞ்சறை?

முதலில் பெரியம்மா மீது தவறில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் பேச்சில் ரகரத்தையும் றகரத்தையும் இந்த இடத்தில் பிரித்துச் சொல்வதில்லை. ஒலிப்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே விழும். தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தும் அவ்வளவு நுட்பமானவை. ஸ்ரீகாந்த் நாராயணனும் இரு ஆய்வாளர்களும் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டும் நாக்கின் அசைவை அளந்தும் இந்த ஐந்தையும் ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

படம் ஒன்றாக இருக்கும்போது எதைத் தேர்வது என்று யார் சொல்வது? அதற்கு இயந்திரத்துக்குள் இன்னொரு பகுதி இருக்கிறது. எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வரும் என்பதை ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பழகிய பகுதி. அதற்கு மொழி மாதிரி என்று பெயர். பக்கத்தில் 'பெட்டி' வந்தால் றகரம், 'எழுப்பு' வந்தால் ரகரம் என்று அது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காரணம் நம் எழுத்துப் பழக்கம். 'ஐந்தரை' என்றுதான் எழுதுகிறோம், 'அஞ்சரை' என்றுதான் பேசுகிறோம். செய்தித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் 'அஞ்சரை'யைத் தேடினால் எளிதில் கிடைக்காது. ஆனால் அஞ்சறைப் பெட்டியைப் பேசுவதுபோலவே எழுதுகிறோம். சமையல் குறிப்பு, பாட்டி வைத்தியம் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. எழுத்தை மட்டும் படித்து வளர்ந்த மாதிரிக்கு மசாலாப் பெட்டி தெரிந்த சொல். விடியற்காலை அஞ்சரை தெரியாத சொல். எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் இயந்திரம் விழுந்துவிட்டது.

'அஞ்சரை' என்று சரியாகப் பிடித்திருந்தாலும் வேலை மிச்சம் இருந்தது. காலை அஞ்சரையா, மாலை அஞ்சரையா? பெரியம்மா சொன்னது இரவு எட்டு மணிக்கு. அடுத்து வரும் அஞ்சரை காலைதான் என்று ஊகிக்கலாம். பிற்பகல் மூன்று மணிக்குச் சொல்லியிருந்தால் இயந்திரம் திருப்பிக் கேட்டாக வேண்டும்.

யாருடைய தமிழ்?

2017 ஓகஸ்ட்டில் கூகுள் தன் பேச்சுத் தட்டச்சில் 30 மொழிவகைகளைப் புதிதாகச் சேர்த்தது. தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு வகை கிடைத்தது. இலங்கைத் தமிழுக்குத் தனி வரிசை கிடைத்தது மகிழ்ச்சியான செய்தி. அந்த ஒரு வரிசைக்குள் எத்தனை தமிழ் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் விளக்கை நூர்ப்பார்கள். பெரியம்மா வீட்டில் லைட்டை அமத்துவார்கள். மலையகத் தமிழரின் மூதாதையர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்ப் பேச்சு மலைத் தோட்டங்களில் இருநூறு வருடம் ஆங்கிலத்தோடும் சிங்களத்தோடும் பழகித் தனி நிறம் கொண்டது. பரேட் பெரட்டு ஆனது, கொன்ட்ராக்ட் கொந்தரப்பு ஆனது. அன்று பெரியம்மா சொன்ன 'பெரட்டு' திரையில் 'புரட்டு' என்று விழுந்தது. தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொல்லில் மிக நெருங்கியதை இயந்திரம் எழுதிவிடும்.

பேச்சறியும் இயந்திரத்துக்கு எவ்வளவு தீனி வேண்டும்? 2022இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் 6 இலட்சத்து 80 ஆயிரம் மணி நேர ஒலியில் பழகியது. இரவு பகல் விடாமல் கேட்டால் 77 வருடத்துக்கு மேல் ஓடும். அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சும் அதே மொழி எழுத்துமாக இருந்தது 1 இலட்சத்து 17 ஆயிரம் மணி. அதற்குள்தான் தமிழும் ஒரு பங்கு. அந்தப் பங்குக்குள் தெமோதரை எங்கே என்று தேடவேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வேலை தொடங்கியிருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளின் இயல்பான பேச்சை மாவட்டம் மாவட்டமாகப் பதிவு செய்கிறது. அதில் சேலத்துக் குரலும் மதுரைக் குரலும் சேரும்போது பெரியம்மாவுக்கும் கொஞ்சம் பயன் உண்டு. பெரட்டும் கொந்தரப்பும் இஸ்தோப்பும் மட்டும் அங்கிருந்து வராது. இலங்கையின் 2012 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டவர்களே எட்டு இலட்சத்துக்கு மேல். இத்தனை பேரின் பேச்சை இங்கேயே பதிவு செய்ய வேண்டும். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைச் சேகரித்து நூலாக்கியதால்தான் அவை இன்று கையில் இருக்கின்றன. அவர் சேகரித்தது சொற்களை. இப்போது வேண்டியது சொல்லும் குரல்.

ஆறு கட்டளை

இலட்சம் மணி நேரம் சேரும்வரை பெரியம்மா காத்திருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. முழுத் தமிழையும் அறியும் இயந்திரம் ஒன்று; வீட்டுக்கு வேண்டிய சில கட்டளைகளை மட்டும் அறியும் இயந்திரம் வேறொன்று. இரண்டாவதற்குத் தீனி மிகக் குறைவு. மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் செய்து பார்த்தார்கள். ஆங்கிலத்துக்குப் பழகிய இயந்திரத்திடம் தமிழ்ப் பேச்சைக் கொடுத்தால் தன் ஆங்கிலக் காதுக்குப் பட்டதை ஏதோ ஒலிகளாகச் சொல்லும். சொல் தவறாக இருக்கும், ஆனால் ஒரே தமிழ்க் கட்டளைக்கு ஏறக்குறைய ஒரே விதமாகத் தவறும். அந்தத் தவறின் வடிவத்தை வைத்தே வங்கி வாடிக்கையாளர் கேட்பது என்ன என்று சிறிய பதிவுத் தொகுப்பைக் கொண்டு பிரித்தறிய முயன்றார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. எழுத்தைத் தாண்டி நோக்கத்தை நேராகப் பிடிக்கிறது. அஞ்சரையா அஞ்சறையா என்ற வழக்கே எழாது.

ஆங்கிலத்தில் கூகுள் 2017இல் பொதுவில் வைத்த சிறுசொல் தொகுப்பில் 30 சொற்கள்தான். அவற்றுக்கு 65,000 ஒலித்துண்டுகள், ஆயிரக்கணக்கானோர் குரலில். ஒவ்வொன்றும் ஒரு விநாடி. அளவைத் தோட்டத்துக்கு ஏற்றபடி குறைத்துக்கொண்டு பேத்தியும் நானும் ஆறு கட்டளைகளை எழுதினோம். லைட்டப் போடு. லைட்ட அமத்து. பாட்டுப் போடு. சத்தத்தக் கொற. அப்பாவுக்குப் போன் போடு. அஞ்சரைக்கு எழுப்பிவிடு. இதில் மூன்று 'போடு' இருப்பதைப் பெரியம்மாதான் கண்டுபிடித்தார். லைட்டு, பாட்டு, போன் எல்லாவற்றுக்கும் ஒரே வினை. வேறுபடுத்துவது முன்னால் வரும் சொல். அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். யாரும் வீட்டில் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

மறுநாள் பிற்பகல் பதிவு தொடங்கியது. இஸ்தோப்பில் பெரியம்மா ஒரு ஸ்டூலில், பேத்தி கைப்பேசியோடு தரையில். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மாமியாரும் தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டளையையும் முப்பது தடவை சொல்ல வேண்டும். நின்று, உட்கார்ந்து, கூடை கட்டியபடி, வெற்றிலை வாயோடு. பத்தொன்பதாவது தடவை 'அஞ்சரைக்கு' என்று பெரியம்மா ஆரம்பித்தபோது நிலையப் பக்கம் ரயில் கூவியது. அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க அப்பாயி. ரயில் சத்தத்தோடயே இருக்கட்டும். இங்க ரயில் ஓடும்னு அதுக்கும் தெரியணும்ல?"

பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி சொன்னார். இருபதாவதைப் பதிந்து முடித்தபோது அதே ரயில் கீழே சுரங்கப் பக்கமிருந்து இன்னொரு தடவை கூவியது. அதுவும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கிறது.